கையெழுத்துக்குத் திணறும் பிள்ளை: வீட்டுப் பயிற்சியா, வகுப்பா, தெரபியா, தேர்வுச் சலுகையா?

மூன்றாம் வகுப்பு வரை “போகப் போகச் சரியாகிவிடும்” என்று சொல்லும் பள்ளி, நான்காம் வகுப்பில் பெற்றோரைக் கூப்பிட்டு நோட்டைத் திறந்து காட்டுகிறது. அந்த வயதில் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வருகின்றன. இரட்டைக் கோடு நோட்டும் நாலு கோடு நோட்டும் போய் ஒற்றைக் கோடு நோட்டு வருகிறது. ஒரு வரி விடை போய் ஐந்தாறு வரி விடை வருகிறது. அதுவரை கோட்டைப் பிடித்துக்கொண்டு சமாளித்த பிள்ளை அங்கே சறுக்குகிறது. வாயால் கேட்டால் பதில் சொல்கிறான். நோட்டில் எழுதியது ஆசிரியருக்குப் புரியவில்லை, ஒரு மணி நேரம் கழித்துக் காட்டினால் அவனுக்கே புரியவில்லை.

அப்புறம் யோசனைகள் குவியும். டியூஷன் மிஸ் தினமும் இரண்டு பக்கம் காப்பி ரைட்டிங் எழுதச் சொல்வார். தெருமுனையில் ‘பதினைந்தே நாளில் முத்து முத்தான கையெழுத்து’ என்று பேனர் தொங்கும். குழந்தை மருத்துவர், அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடலையும் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்குச் சீட்டு எழுதித் தருவார். யாராவது ஒருவர் பென்சிலில் மாட்டும் ரப்பர் கிரிப்பின் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பியிருப்பார். எல்லாவற்றையும் செய்யப் பணமும் இல்லை, மாலை நேரமும் இல்லை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வருடமாகச் சொல்லித் தருகிற ஆள் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தொடக்கம் வீட்டில், பத்து நிமிடத்தில், காசில்லாமல் இருக்கிறது. ஆனால் அது வழக்கமான காப்பி ரைட்டிங் கிடையாது. யாருக்கு அது போதாது என்பதும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளக் கூடியதுதான்.

எது திணறுகிறது என்று முதலில் பாருங்கள்

‘கையெழுத்து சரியில்லை’ என்ற ஒரே புகாருக்குள் நாலைந்து வேறு வேறு சிக்கல்கள் ஒளிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில், பசியும் தூக்கமும் இல்லாத நேரத்தில், பிள்ளையை உட்காரவைத்து மூன்று விதமாக எழுதச் சொல்லுங்கள். புத்தகத்தில் இருந்து ஐந்து நிமிடம் பார்த்து எழுதட்டும். அப்புறம் நீங்கள் சொல்லச் சொல்ல ஐந்து நிமிடம் எழுதட்டும். கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டு, பிடித்த விஷயத்தைப் பற்றிச் சொந்தமாக ஐந்து நிமிடம். திருத்தாதீர்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள். கையையும் தோளையும் மட்டும் கவனியுங்கள்.

பார்த்து எழுதியது சுமாராக இருந்து, சொல்லக் கேட்டு எழுதும்போது எல்லாம் குலைந்து போனால், சிக்கல் கையில் இல்லை. எழுத்துக்கூட்டுவதில் இருக்கிறது. எந்த எழுத்து வரும் என்று தெரியாமல் தடுமாறும்போது உருவமும் கோணலாகிறது, அழித்து அழித்துத் தாள் கிழிகிறது. இந்தப் பிள்ளைக்குக் கையெழுத்து வகுப்பு வைத்தால் ஒரு வருடம் வீண். வாசிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் வரும் குறைபாடான டிஸ்லெக்சியாவாக இருக்கலாம்.

மூன்றிலுமே உருவம் சரியில்லை என்றால், எழுத்தை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் இழுப்பது என்பது கைக்குள் பதியவில்லை. முதல் மூன்று வரி அழகாக வந்து, அப்புறம் எழுத்து பெரிதாகி, கோட்டை விட்டு இறங்கி, பிள்ளை கையை உதறிக்கொண்டால், வலியும் களைப்பும் இருக்கிறது. அழுத்திப் பிடிக்கிறானா என்று பாருங்கள். அடுத்த பக்கத்தைத் தடவினாலே தெரிந்துவிடும். பக்கத்தில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்து எழுத வருகிறது, பள்ளிக் கரும்பலகையைப் பார்த்து எழுதியதில்தான் பாதி இல்லை என்றால், வேறு எதற்கும் முன்னால் கண் மருத்துவர். இந்தச் சாதாரண விஷயத்தை விட்டுவிட்டு மாதக்கணக்கில் காப்பி ரைட்டிங் எழுத வைத்த வீடுகள் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து சில வாரங்களில் திடீரென்று கெட்டுப்போனாலோ, கை நடுங்கினாலோ, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

எழுத்துமுறையையும் பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளை ஒரே வருடத்தில் தமிழ், ஆங்கிலம், பல பள்ளிகளில் இந்தியும் எழுதுகிறது. தமிழ் எழுத்து இரண்டு கோட்டுக்கு நடுவில் உட்கார்கிறது. ஆங்கிலத்துக்கு நாலு கோடு வேண்டும். இந்தி மேல்கோட்டில் இருந்து தொங்குகிறது. எட்டு வயதுக் கை இதையெல்லாம் மணிக்கு மணி மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்றையும் ஒரே சமயத்தில் சரிசெய்ய நினைக்காதீர்கள். பிள்ளை எதில் அதிகப் பாடம் எழுதுகிறதோ அதில் தொடங்குங்கள். ஆங்கில வழிப் பள்ளி என்றால் ஆங்கிலத்தில்.

இரண்டு பக்கக் காப்பி ரைட்டிங்கும் பத்து நிமிடப் பயிற்சியும்

வீட்டுப் பயிற்சி என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது காப்பி ரைட்டிங் நோட்டுதான். முதல் வரியில் அச்சடித்த வாக்கியம், கீழே பத்து வரி வெறுமை. பிள்ளை முதல் வரியைப் பார்த்து இரண்டாம் வரியை எழுதும்; அப்புறம் தான் எழுதிய இரண்டாம் வரியைப் பார்த்து மூன்றாம் வரியை எழுதும். பத்தாம் வரியில் தவறு ஊறிப்போயிருக்கும். எழுத்தை வலப்பக்கத்தில் இருந்து இடப்பக்கம் இழுத்தாலும், கீழே இருந்து மேலே ஏற்றினாலும், முடிவில் வரும் படம் ஏறக்குறைய சரியாக இருந்தால் ‘குட்’ போட்டுவிடுகிறோம். வேகமாக எழுதும்போதுதான் அந்தத் தலைகீழ் வழி காலை வாருகிறது.

தண்டனையாக நூறு முறை எழுதச் சொல்லும் இம்போசிஷனும் இதே ரகம்தான், அதைவிட மோசம். பிள்ளை சீக்கிரம் முடிக்கத்தான் பார்க்கும். முதலில் செங்குத்துக் கோடுகளை வரிசையாகப் போட்டுவிட்டு அப்புறம் சுழிகளைச் சேர்க்கும் புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன். அது எழுத்துப் பயிற்சி இல்லை, தொழிற்சாலை.

இதற்கு மாற்று என்ன? 1997இல் அமெரிக்காவில் வர்ஜீனியா பெர்னிங்கர் குழுவினர், எழுதத் திணறும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சில முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெறுமனே பார்த்து எழுதுவதும் அதில் ஒன்று. அதிகப் பலன் தந்தது வேறு ஒன்று: எண்ணிட்ட அம்புக்குறிகளோடு எழுத்தைக் காட்டி, எந்தக் கோடு முதலில், எது அடுத்து என்று பார்க்க வைத்து, அதை மூடிவிட்டு நினைவில் இருந்து எழுத வைப்பது. மூடுவதுதான் இதில் சூட்சுமம். கண்ணில் இருக்கும் வரை கை எதையும் சேமித்து வைப்பதில்லை.

தமிழுக்கு இதைக் கொண்டுவரும்போது அ, ஆ என்ற வரிசையில் தொடங்க வேண்டாம். ‘அ’வும் ‘இ’யும் தமிழிலேயே கஷ்டமான உருவங்கள். நேர்க்கோட்டில் வரும் ட, ப, ம, ய முதலில்; ஒரே தலைப்பகுதியைக் கொண்ட க, ச, த அடுத்து; சுழித்துத் தொடங்கும் ல, வ, ள, ன, ண அப்புறம். வாரத்துக்கு மூன்று நாலு எழுத்து போதும். இரண்டு சுழி, மூன்று சுழி என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதட்டும். அந்தப் பெயர்கள் நம் வாத்தியார்கள் காலம் காலமாகச் சும்மா சொன்னவை கிடையாது, கையை நடத்துகிற வார்த்தைகள். 247 எழுத்து என்று மலைக்க வேண்டியதில்லை. உருவமாகப் பார்த்தால் உயிர் பன்னிரண்டு, மெய்யின் அடிப்படை வடிவம் பதினெட்டு, ஆய்தம், அப்புறம் கால், கொம்பு, கொக்கி. உகர, ஊகார வரிசை மட்டும்தான் சண்டித்தனம் செய்யும்: கு, சு, டு, து, மு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளையும். அதற்குத் தனியாக ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

கொம்பு போடும் எழுத்துகளில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது, பெரியவர்கள் கவனிப்பதே இல்லை. ‘கொ’ என்று கேட்கும்போது முதலில் க் ஒலிக்கிறது. எழுதும்போது முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். காதில் விழுந்த வரிசை வேறு, கை போக வேண்டிய வரிசை வேறு. திணறும் பிள்ளைகள் க எழுதிவிட்டு, கொம்பை முன்னால் நெருக்கித் திணிக்கும். அதனால்தான் அவர்கள் நோட்டில் சில இடங்களில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. கெ, கே, கை, கொ, கோ வரிசையை மட்டும் தனியாக எடுத்து, கேட்டு எழுதும் பயிற்சியாகச் செய்தால் பக்கத்தின் தோற்றமே மாறும். அதேபோல் துணைக்காலும் ‘ர’வும் வேறுபடும்படி எழுதப் பழக்குவது. ‘காரம்’, ‘மரம்’, ‘பார்’ என்று பத்துச் சொற்களிலேயே எங்கே குழப்பம் என்று தெரிந்துவிடும்.

தாத்தா பாட்டி சொல்லித் தரும் வீடு என்றால் ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். அதற்கு முன் படித்தவர்கள் லை, னை, ணா, றா போன்றவற்றைப் பழைய வடிவில் எழுதக்கூடும். அழகான வடிவங்கள்தான், ஆனால் இப்போதைக்கு வேண்டாம்.

ஒரு நாளின் பயிற்சி இப்படி இருக்கலாம்: இரண்டு நிமிடம் அன்றைய எழுத்து, அம்புக்குறியோடு; நாலு நிமிடம் மூடி மூடி எழுதுவது; மிச்ச நேரம் அந்த எழுத்துகள் வரும் சொற்களைச் சேர்த்து ஒரு சொந்த வாக்கியம். கடைசியில் பிள்ளையே தான் எழுதியவற்றில் சிறந்த ஒன்றை வட்டமிட வேண்டும். நீங்கள் சிவப்பு மையோடு உட்காராதீர்கள். பள்ளி ஒற்றைக் கோடு கேட்டாலும் வீட்டில் இரட்டைக் கோடு நோட்டுக்கே திரும்புங்கள். கோட்டை விலக்குவது கடைசிப் படி. காலாண்டுத் தேர்வு நல்ல எல்லை. ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரை போதிய காலம் கிடைக்கும். 2011இல் கனடாவில் வெளியான ஒரு மதிப்பாய்வு, குறைந்தது இருபது அமர்வுகளாவது நடந்த பயிற்சிகளே பலன் கொடுத்தன என்று கண்டது. எனவே ஒரு வாரம் பார்த்துவிட்டு ‘ஒண்ணும் ஆகலை’ என்று விடுவதில் அர்த்தமில்லை.

இதன் குறை ஒன்றே ஒன்று. பெற்றோருக்குப் பொறுமை வேண்டும். இரவு எட்டரைக்கு வேலையில் இருந்து திரும்பும் அம்மாவிடம் இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். சில வீடுகளில் பயிற்சி தொடங்கிய ஐந்தாவது நிமிடம் சண்டையாகிறது. அங்கே அத்தையோ, பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியோ செய்வது நல்லது. காசு கொடுத்தாவது.

கையெழுத்து வகுப்பு யாருக்கு?

விடுமுறையில் களைகட்டும் இந்த வகுப்புகளை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். எழுத்து வடிவம் தெரிந்து, அலட்சியமாக எழுதும் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அவை உதவும். இடைவெளி, சாய்வு, அளவு எல்லாம் ஒழுங்காகும். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து எழுதுவதில் ஒரு உற்சாகமும் வரும்.

திணறும் பிள்ளைக்குத்தான் சிக்கல். வகுப்பில் மெல்ல வரைந்து வரைந்து எழுதியது முத்துப் போல இருக்கும். முதல் நாள் பக்கத்தையும் கடைசி நாள் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக் காட்டுவார்கள். பள்ளி திறந்து, அரை மணியில் மூன்று விடை எழுத வேண்டிய கட்டாயம் வந்ததும் பழைய கையெழுத்தே திரும்பும். வேகத்தோடு எழுதிப் பழகாத அழகு தேர்வுக் கூடத்தில் நிற்பதில்லை. சேர்க்கும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள்: நேரம் வைத்து எழுதச் சொல்வீர்களா? என் பிள்ளையின் பள்ளி நோட்டைப் பார்ப்பீர்களா? தமிழும் உண்டா? நிறைய இடங்களில் ஆங்கில கர்சிவ் மட்டும்தான் இருக்கும். முதல் கேள்விக்கே மழுப்பினால் வேண்டாம்.

கர்சிவ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். கூட்டெழுத்துதான் வேகம் என்ற நம்பிக்கை நம் மெட்ரிக் பள்ளிகளில் வேரூன்றிக் கிடக்கிறது. ஸ்டீவ் கிரஹாம் முதலானோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டெழுத்தையும் தனி எழுத்தையும் கலந்து எழுதிய மாணவர்களே வேகமாக எழுதினார்கள். பெரியவர்கள் நாமும் அப்படித்தான் எழுதுகிறோம். தனி எழுத்தே தடுமாறும் பிள்ளையைக் கர்சிவுக்குத் தள்ளாதீர்கள். பள்ளி கட்டாயப்படுத்தினால், தனி எழுத்தில் எழுத அனுமதி கேட்டு வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஆக்குபேஷனல் தெரபி

கையெழுத்து மட்டும் இல்லாமல் கை சார்ந்த மற்றவையும் தடுமாறுகிறதா என்று பாருங்கள். சட்டைப் பொத்தான் போட, ஷூ லேஸ் கட்ட, டிபன் பாக்ஸ் திறக்க, சோற்றைப் பிசைந்து சிந்தாமல் சாப்பிட, பந்தைப் பிடிக்க, சைக்கிள் ஓட்ட வயதுக்கு மீறித் திணறும் பிள்ளைக்கு இயக்க ஒருங்கிணைப்பில் சிக்கல் இருக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. சோம்பேறி, அலட்சியம் என்று திட்டு வாங்குகிறவர்கள் இவர்களில் நிறையப் பேர். இவர்களுக்கு வீட்டுப் பயிற்சி போதாது; ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நிச்சயம் வேண்டும். எழுதும்போது வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளைக்கும் அப்படியே.

ஆனால் தெரபி என்ற பெயரில் நடப்பதெல்லாம் கையெழுத்துக்கு உதவுவதில்லை. ஊஞ்சல், பெரிய பந்து, களிமண் பிசைவது, மணி கோப்பது என்று முக்கால் மணி நேரம் போய், பென்சிலைத் தொடாமலே முடியும் அமர்வுகள் உண்டு. பிள்ளைக்குக் குஷியாக இருக்கும், தசைக்கும் நல்லதாக இருக்கலாம். எழுத்து மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். நான் மேலே சொன்ன கனடா மதிப்பாய்வு, எழுதும் பயிற்சி இல்லாத சிகிச்சைகள் கையெழுத்தை மாற்றவில்லை என்றே கண்டது. 2016இல் தான்யா சான்டாஞ்சலோவும் ஸ்டீவ் கிரஹாமும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் தசைப் பயிற்சி மட்டும் கையெழுத்தை மேம்படுத்தவில்லை. எழுதக் கற்றுக்கொடுத்தது மேம்படுத்தியது. நீச்சல் பழக நீரில்தான் இறங்க வேண்டும். ஆகவே தெரபிஸ்ட்டிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஒவ்வொரு அமர்விலும் பிள்ளை எவ்வளவு நேரம் எழுதும்? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? இரண்டுக்கும் தெளிவான பதில் தருகிறவர் நல்ல தெரபிஸ்ட். அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மணலிலும் அரிசியிலும் விரலால் எழுத வைப்பது பற்றிக் கேட்பவர்கள் உண்டு. திண்ணைப் பள்ளிகளில் மணலில்தான் தொடங்கினார்கள், விஜயதசமிக்கு இன்றும் அரிசியில் எழுதுகிறோம். நாலைந்து வயதில் எழுத்தின் பாதையை உணர அது நல்ல வழி. ஒன்பது வயதில் வாக்கியம் எழுதத் திணறுகிறவனை மணலுக்குக் கூட்டிப்போனால் அவமானமாக உணர்வான்.

தனியார் மையத்தில் வாரம் இரண்டு அமர்வு என்பது நடுத்தரக் குடும்பத்துக்கும் பாரம்தான். அதற்கு முன் அரசு வழியைப் பாருங்கள். பிள்ளைகள் உடல்நலத்துக்கான ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தின்கீழ், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை ஒட்டி மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் செயல்படுகின்றன. பிறந்தது முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள், கட்டணம் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைத் தலைமையாசிரியர் மூலம் அணுகலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது, வடமாவட்டங்களுக்கு, அரசு மருத்துவமனை இல்லாவிட்டாலும், வேலூர் சி.எம்.சி. காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்புக் காலத்திலேயே வீட்டுப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம், ஒன்றுக்கொன்று தடையில்லை.

கிரிப், பேனா, மேசை

சுருக்கமாக. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்ற மூன்று விரல் பிடிதான் ஒரே சரியான பிடி என்பது பழைய நம்பிக்கை. 2012இல் நான்காம் வகுப்பு மாணவர்களிடம் செய்த ஆய்வில், நாலு விரல் பிடி உட்பட வழக்கத்தில் உள்ள நான்கு பிடிகளிலும் வேகத்திலோ தெளிவிலோ வித்தியாசம் இல்லை. வலி இல்லாமல், விரல் அசைந்தால் பிடியை விட்டுவிடுங்கள். ரப்பர் கிரிப் வாங்குவதில் நஷ்டம் ஒன்றுமில்லை, ஆனால் அதுவே வைத்தியம் என்று நம்ப வேண்டாம். அழுத்தி எழுதும் பிள்ளைக்குப் பால் பாயின்ட் பேனாவைவிட வழுக்கிப் போகும் ஜெல் பேனா உதவும்.

இதைவிடப் பெரிய வித்தியாசத்தை உட்காரும் விதம் உண்டாக்கும். கட்டிலில் குப்புறப் படுத்து எழுதும் பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் ஒட்டாது. பாதம் தரையில் பட வேண்டும். எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை. சம்மணமிட்டு உட்காருவதானால் செட்டிநாட்டு வீடுகளில் பார்க்கும் கணக்குப்பிள்ளை மேசை மாதிரி ஒரு சாய்வுப் பலகை வையுங்கள். தடிமனான பாக்ஸ் ஃபைலே போதும். வலக்கைப் பிள்ளைக்கு நோட்டின் மேல்பகுதி கொஞ்சம் இடப்பக்கம் சாயட்டும். இடக்கைப் பிள்ளைக்கு நேர்மாறாக வலப்பக்கம், நோட்டு உடலின் நடுவில் இருந்து கொஞ்சம் இடதுபுறம் தள்ளி. பள்ளி பெஞ்சில் இடக்கைப் பிள்ளை இடது ஓரத்தில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையோடு நாள் முழுதும் சண்டைதான். கையை மாற்றச் சொல்லி யாரும் வற்புறுத்தினால் கேட்காதீர்கள்.

தேர்வுச் சலுகை: தள்ளிப்போடக் கூடாத வழி

கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் என்றதும் பெற்றோர் முகம் வாடிவிடுகிறது. ‘மாற்றுத்திறனாளின்னு முத்திரை குத்திடுவாங்களே’ என்கிறார்கள். நான் இதைக் கடைசிப் புகலிடமாகப் பார்ப்பதில்லை. பயிற்சி கையைச் சரிசெய்ய எடுக்கும் வருடங்களில் பிள்ளையின் அறிவு தாளில் வராமலே போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை அங்கீகரிக்கிறது. அதன் வரையறைக்குள் டிஸ்லெக்சியாவோடு எழுதுவதில் வரும் டிஸ்கிராஃபியாவும் இயக்கக் குறைபாடான டிஸ்பிராக்சியாவும் பெயர் சொல்லியே வருகின்றன. 2018இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தரச் சொன்னது. அதாவது மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி. சி.பி.எஸ்.இ.யிலும் தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலும் கூடுதல் ஒரு மணி நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். மாநில வாரியத்தில் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு ஒரு மொழிப்பாட விலக்கும் உண்டு. சி.பி.எஸ்.இ. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் கணினியில் விடையைத் தட்டச்சு செய்யவும் வழி வைத்திருக்கிறது.

சான்றில் குறைபாட்டின் அளவு 40 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு எதுவும் கிடைக்காது என்ற எண்ணமும் இப்போது பழசு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு உள்ள விகாஷ் குமார் என்ற யு.பி.எஸ்.சி. தேர்வர் தொடுத்த வழக்கில், அந்த அளவைக் காட்டிச் சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அவர்களுக்கென்று தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது.

இதில் நடைமுறைத் தொல்லை காகிதம்தான். மதிப்பீடு, மருத்துவச் சான்று, பள்ளி வழியாக விண்ணப்பம் என்று நீளும். பொதுத்தேர்வு வருடத்தில் தொடங்கினால் மூச்சு வாங்கும். எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். கற்றல் குறைபாட்டு மதிப்பீட்டுக்கு மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் உதவும், சலுகைக்கான சான்று மட்டும் அரசு ஏற்கும் இடத்தில் இருந்து வர வேண்டும். எங்கே என்று பள்ளியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. வாயால் சொல்லி எழுத வைப்பது ஒரு தனித் திறமை. முழு வாக்கியமாக, நிறுத்தி, சொன்னதை மறக்காமல் சொல்ல வேண்டும். கணக்கில் ஒவ்வொரு படியையும் சொல்ல வேண்டும். முதல்முறை தேர்வுக் கூடத்தில் செய்து பார்த்தால் குழம்பும். வீட்டில் மாதிரித் தேர்வுகளில் பழக்குங்கள். கணினி வழி என்றால் தட்டச்சும் அப்படித்தான். இதற்கு நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டே போதும். ஆங்கில ஜூனியர் கிரேடுக்கு நிமிடத்துக்கு 30 சொல் வேகம். கையால் தவித்த பிள்ளை அந்த வேகத்தை எட்டினால் முகமே மாறிவிடும். ஆனால் இயக்கச் சிக்கல் உள்ள சிலருக்கு விசைப்பலகையும் கஷ்டம்தான், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எந்தப் பிள்ளைக்கு எது?

ஐந்து வயதுக்குக் கீழே இதெல்லாம் எதுவுமே வேண்டாம். படம் வரையட்டும், வண்ணம் தீட்டட்டும். ஒன்றாம் வகுப்பில் இருந்து ஐந்தாம் வகுப்பு வரை, எழுத்தைத் தவிர வேறு தடுமாற்றம் இல்லாத பிள்ளைக்குப் பத்து நிமிடப் பயிற்சி, காலாண்டு வரை. அப்போதும் அசையவில்லை என்றால் தெரபிஸ்ட்டின் மதிப்பீடு. பொத்தான், லேஸ், பந்து என்று மற்றவையும் தடுமாறினால் காலாண்டு வரை காத்திருக்காமல் முதல் நாளே மதிப்பீடு. வாசிப்பும் தடுமாறினால் கையெழுத்தை ஓரமாக வைத்துவிட்டு வாசிப்பு. படிக்கும்படி எழுதுகிறான், அழகு மட்டும் இல்லை என்றால், காசும் ஆசையும் இருந்தால் வகுப்புக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டாலும் குடி முழுகிப்போகாது. விடைத்தாள் திருத்துகிறவருக்கு வேண்டியது தெளிவு.

எந்த வழியை எடுத்தாலும் வகுப்பாசிரியரிடம் ஒரு விஷயம் கேட்டுப் பாருங்கள்: வீட்டுப்பாடத்தின் அளவை மட்டும் குறைக்க முடியுமா? பத்து விடைக்குப் பதில் நாலு விடையை எழுதி, மீதியை வாயால் சொல்லட்டும். கரும்பலகையில் இருப்பதை முழுக்க எழுத முடியாத நாளில் தோழியின் நோட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதற்கு மேல் கேட்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு வரிசையே தலைகீழ். முதலில் சான்றுக்கான காகித வேலை, அதோடு சொல்லி எழுத வைக்கும் பழக்கம் அல்லது தட்டச்சு. எழுத்து வடிவத்தை அடியில் இருந்து மாற்ற நேரமில்லை, பிள்ளையும் ஒத்துழைக்காது. திருத்துகிறவரை அதிகம் தடுக்கும் நாலைந்து எழுத்துகளை மட்டும் எடுத்துச் சரிசெய்யுங்கள். தமிழில் பெரும்பாலும் ‘ர’வும் துணைக்காலும், ஆங்கிலத்தில் ஏ, ஓ, யு, வி. எண்கள் குழப்பமில்லாமல் இருக்க வேண்டும், 1ஐயும் 7ஐயும் முக்கியமாகப் பாருங்கள். விடைக்கும் விடைக்கும் நடுவில் இரண்டு வரி விடுவது, வினா எண்ணை ஓரக் கோட்டுக்கு வெளியே பெரிதாக எழுதுவது, முக்கியச் சொல்லுக்குப் பென்சிலால் அடிக்கோடு இடுவது, தவறாக எழுதியதை ஒரே கோட்டில் அடிப்பது ஆகியவற்றை இரண்டு வாரத்தில் பழக்கிவிடலாம்.